துவக்குக்கு வைத்த குங்குமம்

மான் இறைச்சி வாசம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். அது வாசமா? ஈரச் சாக்கும் துருப்பிடித்த இரும்பும் ஒரே வாளியில் ஊறின நாற்றம். இத்தாலியில், பலெர்மோவில் நான் வேலை செய்த வீட்டில் ஐப்பசி பிறந்தால் தை முடியும் வரைக்கும் அந்த நாற்றம்தான். குசினித் துவாயில் அது, குளியல் தொட்டியில் அது, கடைசியில் என் தலைமயிரிலும் அது. வரெக்கினா என்கிற வெளுக்கும் மருந்தை ஊற்றித் தேய்த்தால் என் கைத்தோல் உரியுமே தவிர நாற்றம் போகாது.

வீட்டுக்காரர் பல் வைத்தியராக இருந்து ஓய்வுபெற்றவர். ஊரே அவரை டொத்தோரே என்றுதான் கூப்பிடும், நாங்களும் அப்படியே. மனைவி காலமாகிவிட்டார், ஒரே மகள் மிலானோவில். அவருடைய நகரத்து வீட்டில் எனக்குச் சமையலும் துப்புரவும். நகரத்துக்கு வெளியே சியாகுல்லியில் அவருக்கு ஒரு மந்தரின் தோடம்பழத் தோட்டமும் பழைய வீடும் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டவர் என் கணவர். நாங்கள் குடியிருந்தது போர்கோ வெக்கியோவில், மீன்காரனின் கூவல் விடிய எழுப்பிவிடும் ஒரு மாடியில். வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வேட்டை எங்கள் வேலையில் சேர்த்தி இல்லை. அதற்குள் நாங்கள் போய் விழுந்தது இவருடைய அக்காவை நினைத்து.

இவரைத் தூக்கி வளர்த்தது அந்த அக்காதான். இப்போது டொரொண்டோவில் இருக்கிறா. சலரோகம் முற்றிச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, கிழமைக்கு மூன்று தரம் மெசினில் இரத்தம் சுத்திகரிக்கிறார்கள். இவர் போய்ப் பார்க்க வேண்டும் என்று இரண்டு முறை விசாவுக்குக் கொடுத்தார், இரண்டு முறையும் மறுத்துவிட்டார்கள். இலங்கைப் பாஸ்போட்டைக் கண்டாலே அவர்களுக்கு இவர் திரும்பிப் போகமாட்டார் என்று தோன்றுகிறதாம். இத்தாலிப் பாஸ்போட் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. அதற்குக் குடியுரிமை வேண்டும். சித்தாதினான்சாவுக்கு விண்ணப்பம் போட்டு வருசக்கணக்காகிறது, எந்தச் சத்தமும் இல்லை. அக்கா அங்கே மெசினில் படுத்திருக்க, இவர் இங்கே தபால்பெட்டியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வேட்டைக்காலம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் டொத்தோரே இவரிடம் சொன்னாராம், குடியுரிமைக் காகிதம் பார்க்கிற பிரெஃபெத்தூராவில் பெரிய பதவியில் இருக்கிறவன் தன்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன், ஒரு டெலிபோன் போட்டால் முடிந்தது என்று. அதே மூச்சில், இந்த முறை மலைக்கு ஒரு ஆள் வேண்டும், தனக்கு முதுகு சரியில்லை, சுட்டதைத் தூக்கிவர நீ வா என்றும் சொல்லியிருக்கிறார். இவர் அன்று வீட்டுக்கு வந்த முகத்தைப் பார்க்க வேண்டும், கலியாண மாப்பிள்ளை தோற்றுப்போவான்.

"டொத்தோரே கதைக்கிறன் எண்டிட்டார்" என்றார்.

"அவர் முதல் கதைக்கட்டும். பிறகு நீங்கள் தூக்குங்கோ."

"உனக்கு எல்லாத்திலையும் சந்தேகம்" என்று சொல்லிவிட்டு அக்காவுக்கு டெலிபோன் எடுத்து, ஒரு பெரிய ஆளைப் பிடித்திருக்கிறேன் என்று சொன்னார். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து கடல் கடந்து வந்த மனுசன், இனி விடியப்புறம் எழும்பித் துவக்குக்காரனுக்குப் பின்னால் போகப்போகிறார்.

மதோனியே மலையில் மான் பெருகி வயல்களை அழிக்கிறது என்று, அனுமதி எடுத்த சிலரைச் சுட விடுகிறார்கள். டொத்தோரேயிடம் அந்த அனுமதி இருந்தது. கூடப் போவது அவருடைய சிநேகிதர், ஒரு மருந்துக்கடைக்காரர். முதல் சில பயணங்களில் ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாத நாளில் டொத்தோரே வீட்டுக்கு வருகிற விதமே வேறு. சேற்றுச் சப்பாத்தோடு நான் துடைத்த நிலத்தில் நடப்பார். சூப்பில் உப்பு இல்லை என்பார், உப்பைப் போட்டுக்கொடுத்தால் கூடிவிட்டது என்பார். இவர் குடியுரிமைக் காகித விசயத்தை மெல்ல எடுத்தால், "நாளைக்கு" என்பார். ஒரு வாயில்லாப் பிராணி தப்பி ஓடினதற்கு நாங்கள் இரண்டு பேரும் வாங்கிக் கட்ட வேண்டும். கண்டறியாத வேட்டை.

அப்போதுதான் ஆயுத பூசை வந்தது. இவர் சியாகுல்லியில் ஒரு கொப்பு வெட்டும் கத்தரியையும் விடவில்லை, மண்வெட்டிக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் டொத்தோரேயின் ஜீப்புக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். ஜீப்புக்குள் துவக்குப் பெட்டி இருந்திருக்கிறது. அதுவும் ஒரு ஆயுதம்தானே என்று திறந்து, துவக்குக் கட்டையில் அழகாக ஒரு பொட்டு. வேறு யாருக்கும் இந்த யோசனை வராது, எங்கள் ஆளுக்குத்தான் வரும். எனக்குச் சொன்னபோது தலையில் அடித்துக்கொண்டேன். "அந்தாள் பாத்தால் உங்களைச் சுட்டிடும்" என்றேன்.

அடுத்த நாள் அந்தாள் பார்க்கவில்லை. நேரே போய் ஒரு கொம்பன் மானை ஒரே வெடியில் விழுத்திவிட்டார். அதற்குப் பிறகுதான் கட்டையில் சிவப்பைக் கண்டு என்ன இது என்று கேட்டிருக்கிறார். இவர் தனக்குத் தெரிந்த இத்தாலியனில் பூசையை விளக்கியிருக்கிறார். டொத்தோரேயும் மருந்துக்கடைக்காரரும் சிரித்தார்களாம், ஆனால் டொத்தோரே அந்தப் பொட்டைத் துடைக்கவில்லை. படித்த மனுசன், ஞாயிறு தவறாமல் தேவாலயப் பூசைக்குப் போகிறவர். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் கையைப் பிடித்து, "நாளைக்கே டெலிபோன் எடுக்கிறன், நீ பாஸ்போட்டுக்குப் படம் எடுத்து வை" என்று இவருக்குச் சொன்னார்.

இவர் உண்மையாகவே போய்ப் படம் எடுத்தார்.

அன்றிலிருந்து வேட்டைக்குப் போகிற ஒவ்வொரு விடியலிலும் இவர் சுவாமித் தட்டிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்துக் காற்சட்டைப் பைக்குள் வைப்பார். நான் ஒரு நாள் சிமிழை ஒளித்துவைத்தேன்.

"அம்மாளின்ரை குங்குமத்தைக் கொண்டுபோய் உயிர் எடுக்கிறதுக்கு வைக்கிறியள். உங்களுக்கு அருவருப்பா இல்லையோ?"

"அக்காவுக்காகத்தான் வைக்கிறன்" என்றார். சிமிழை எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்தடுத்து மான்கள் வந்தன. காலில் கட்டித் தொங்கவிட்டுத் தோலுரிப்பது சியாகுல்லியில், ஆனால் துண்டு போடுவது நகரத்து வீட்டில், என் குசினியில். டொத்தோரேக்குக் கத்தி பிடிக்கிறதில் ஒரு பெருமை, பல்லுப் பிடுங்கின கை அல்லவா. சுத்தம் செய்கிறதில் மட்டும் அந்தப் பெருமை இல்லை. மயிர் ஒட்டின துண்டுகள் குளியல் தொட்டியில் ஊறும். நான் பச்சைப் பட்டாணி வைத்த பிரீசரில், பட்டாணிப் பைக்குப் பக்கத்தில், ஒரு மானின் நாக்கு. பிறகு நண்பர்களைக் கூப்பிட்டு ஒரு பெரிய சாப்பாடு. ஒருவர் எப்படிச் சுட்டது என்று சொல்ல, மற்றவர் வாயில் இறைச்சியோடு சிரிக்க, மேசைவிரிப்பெல்லாம் சாறு. என்னைக் கூப்பிட்டு, "சாப்பிட்டுப் பார், உங்கடை ஆளின்ரை பொட்டுத்தான் கொண்டுவந்தது" என்று முள்ளுக்கரண்டியை என் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். நான் சிரித்த மாதிரி ஏதோ செய்துவிட்டு உள்ளே போனேன்.

அந்தச் சாப்பாட்டில்தான் இன்னொன்றும் தெரியவந்தது. எங்கள் வீட்டில் செவ்வாயும் வெள்ளியும் மரக்கறிதான், மச்சச் சட்டி அடுப்பில் ஏறாது. டொத்தோரே செவ்வாயிலும் வெள்ளியிலும் வேட்டைக்குப் போவதில்லை என்பதை நான் தொடக்கத்திலேயே கவனித்திருந்தேன். என்ன இருந்தாலும் மனுசனுக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது, நாள் பார்த்து உயிரைக் கொல்லாமல் விடுகிறார் என்று நினைத்தேன். கோயிலில் எங்கள் தமிழ்ப் பெண்களிடம் பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கிறேன். அதற்காகவே வெள்ளிக்கிழமைகளில் அவருக்கென்று தனியாக வடை சுட்டு வைப்பேன். அன்று ஒரு விருந்தாளி, கிழமைக்கு எத்தனை நாள் போவீர்கள் என்று கேட்க, மருந்துக்கடைக்காரர் சொன்னார், செவ்வாயும் வெள்ளியும் இத்தாலி முழுக்கச் சுடக்கூடாது என்று சட்டம், இல்லாவிட்டால் டொத்தோரே துவக்கோடு மலையிலேயே படுத்துவிடுவார் என்று. எல்லாரும் சிரித்தார்கள். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு வந்து தொட்டியில் போட்ட போட்டில் ஒன்று உடைந்தது. என்ரை வடையைத் தின்ற வாயைப் பார்.

இதெல்லாம் பரவாயில்லை என்று வையுங்கள். சட்டி விசயம்தான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. வெள்ளிக்கிழமைகளில் முழு நாளும் அங்கே வேலை என்பதால், என்னுடைய மரக்கறிச் சட்டி ஒன்றை அவருடைய குசினி மூலையில், துணி சுற்றி வைத்திருந்தேன். அதில் வேறு எதுவும் சமைக்கக்கூடாது என்று டொத்தோரேக்கும் சொல்லியிருந்தேன், அவரும் தலையாட்டியிருந்தார். ஒரு வெள்ளி காலை கதவைத் திறந்தால் முகத்தில் அடித்தது ஒரு நாற்றம். அடுப்பில் என் சட்டி. மூடி தூக்கித் தூக்கி விழ, உள்ளே மண்ணிறமாக நுரை. கொம்புகள் இரண்டும் சட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. சுவரில் மாட்டுவதற்கு மண்டையோட்டை அவித்துத் தசை கழற்றுகிறாராம். எட்டிப் பார்த்தேன். பார்த்திருக்கக்கூடாது. வெந்து வெளுத்த ஒரு கண் மேலே மிதந்து வந்து என்னைப் பார்த்தது. நான் ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

டொத்தோரே வந்து, பெரிய சட்டி அது ஒன்றுதான் இருந்தது, கழுவினால் போயிற்று என்றார். அவருக்கு அது சட்டி, அவ்வளவுதான். நான் அதை இரண்டு சொப்பிங் பைகளில் சுற்றிக் கொண்டுபோய்த் தெருக் குப்பைத் தொட்டியில் போட்டேன். வீட்டுக்கு வந்து இவரைப் பிடித்துத் திட்டினேன். "போதும், இனி மலைக்குப் போகவேண்டாம்" என்றேன். இவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "டெலிபோன் எடுத்திட்டாராம், பதில் வரட்டும் எண்டவர்" என்றார். எடுத்திட்டாராம். அந்த ஒரு சொல்லை நம்பி நானும் மறுபடி வேலைக்குப் போனேன்.

மார்கழியோடு அதிர்ஷ்டம் கவிழ்ந்தது. மழை, மூடுபனி. ஒரு நாள் டொத்தோரே வைத்த வெடி வயிற்றில் பட்டு மான் ஓடிவிட்டது. இவர் இரத்தத் துளியைப் பார்த்துப் பார்த்துப் பற்றைக்குள் போயிருக்கிறார். அது தூரத்தில் முனகுகிற சத்தம் கேட்டதாம். திரும்பி வந்து இன்னும் கொஞ்சம் போனால் பிடிக்கலாம், பாவம், ஒரேயடியாக முடித்துவிடுங்கள் என்று சொன்னால், டொத்தோரே மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டுக்கு நேரமாகிறது, நரி பார்த்துக்கொள்ளும் என்று ஜீப்பில் ஏறிவிட்டார். அன்று இவர் வீட்டில் சாப்பிடவில்லை. காதுக்குள் கேட்டுக்கொண்டே இருக்கிறது என்றார். அடுத்த பயணத்துக்கும் சிமிழோடுதான் போனார். ஒன்றும் கிடைக்காமல் திரும்பும்போது டொத்தோரே பொட்டை விரலால் சுரண்டிவிட்டு, "உங்கடை தெய்வம் நித்திரை" என்றாராம். பிரெஃபெத்தூராவிலிருந்து பதில் வந்ததா என்று கேட்டதற்கு, இப்போது அதுவா கதை என்று எரிந்து விழுந்திருக்கிறார்.

தை மாதக் கடைசி. டொத்தோரேயின் மகளைக் கேட்டு வரும் மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வருகிறார்கள், அவர்களுக்கு மான் இறைச்சி போடுவதாக வாய்விட்டுவிட்டார். பிரீசரில் மிஞ்சியிருந்தது அந்த நாக்கு மட்டும்தான். வெள்ளிக்கிழமை விடிய இவரை எங்கள் காரோடு வரச் சொன்னார், மந்தரின் பெட்டிகள் ஏற்ற வேண்டும் என்று. இவர் சிமிழைக்கூட எடுக்காமல் போனார். வெள்ளிதானே, நானும் ஒன்றும் நினைக்கவில்லை. மத்தியானம் நகரத்து வீட்டில் வேலையாக இருந்த எனக்கு டொத்தோரே டெலிபோன் எடுத்து, பெரிய கத்தியையும் இரண்டு வாளியையும் எடுத்துக்கொண்டு சியாகுல்லிக்கு வா என்றார். விடிய முழுகின விரதத்தோடு பஸ் ஏறிப் போனேன்.

பழம் தரம் பிரிக்கிற மேசையில் ஒரு பெட்டை மான் கிடந்தது. தோளில் வெடிபட்ட ஓட்டை. டொத்தோரே வயிற்றைக் கீறிக்கொண்டு நின்றார், பக்கத்தில் மருந்துக்கடைக்காரர். இவர் பின்னங்கால்களை இழுத்துப் பிடித்தபடி, என்னைப் பார்க்காமல் நின்றார். ஜீப்பை மலையில் எல்லாருக்கும் தெரியும் என்று இவருடைய காரில் போயிருக்கிறார்கள். வேட்டைக்குத்தான் போகிறார்கள் என்று பாதி வழியில்தான் இவருக்கே விளங்கியிருக்கிறது. குடலோடு சேர்ந்து முயல் அளவில் ஒரு குட்டி வழுகி மேசையில் விழுந்தது. டொத்தோரே அதைக் கத்தி நுனியால் என் வாளிக்குள் தள்ளிவிட்டார். நான் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றேன்.

மருந்துக்கடைக்காரரின் டெலிபோன் அடித்தது, மலையில் அவருக்குத் தெரிந்த ஒருவர். கேட்டுவிட்டு முகம் வெளிறி, மலையில் ஒரு மேய்ப்பன் கார் நம்பரை வனக்காவலருக்குக் கொடுத்துவிட்டான், காரின் ஆளுக்கு இந்தத் தோட்டத்தில் வேலை என்று அறிந்து இங்கேதான் வந்துகொண்டிருக்கிறார்கள் என்றார். டொத்தோரே அவசரப்படவில்லை. கத்தியைத் துடைத்துக்கொண்டே இவரிடம் சொன்னார்.

"கார் உன்ரை. மான் குறுக்கை பாய்ஞ்சு அடிபட்டுது, இறைச்சி வீணாப்போகும் எண்டு ஏத்தி வந்தன் எண்டு சொல்லு. வெளிநாட்டுக்காரன், சட்டம் தெரியாது எண்டு விட்டிடுவாங்கள்."

இவருடைய தலை சம்மதமாக ஆடத் தொடங்கியது.

"இஞ்சேருங்கோ" என்றேன் தமிழில். "வெடிபட்ட ஓட்டை தெரியுது, ஆரும் நம்பமாட்டாங்கள். உங்கடை பேரிலை ஒரு வழக்கு விழுந்தால் காகிதம் அவ்வளவுதான். அக்காவைப் பிறகு படத்திலைதான் பாப்பியள்."

"டொத்தோரே சொல்லி வைச்சிருக்கிறார்தானே. அவர் பாத்துக்கொள்ளுவார்" என்றார் இவர். ஆனாலும் சந்தேகம் வந்திருக்க வேண்டும். டொத்தோரேயின் பக்கம் திரும்பி, பணிவாக, இத்தாலியனில் கேட்டார்.

"பிரெஃபெத்தூராவிலை கதைச்சிருக்கிறியள்தானே டொத்தோரே? இதாலை என்ரை காகிதத்துக்கு ஒண்டும் வராதே?"

"எந்தக் காகிதம்?" என்றார் டொத்தோரே.

நடிக்கவில்லை. நடித்திருந்தால் எனக்கு இவ்வளவு அருவருப்பு வந்திருக்காது. உண்மையாகவே அவருக்கு நினைவில் இல்லை. மருந்துக்கடைக்காரரைப் பார்த்து, இவன் என்ன சொல்கிறான் என்று கேட்டார். அவரும் தோளைக் குலுக்கினார்.

இவர் மானின் கால்களை விட்டார். தண்ணீர்க் குழாயடிக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினார். திரும்பவும் கழுவினார். வாகனச் சத்தம் கேட்டபோது சேட்டில் கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் படலையைத் தானே திறந்தார்.

கார் யாருடையது என்று காவலர் கேட்டார். "என்னுடையது" என்றார் இவர். மானைச் சுட்டது யார்? "டொத்தோரே சுட்டவர். தூக்கினது நான்." எப்போது? "இண்டைக்கு விடிய." குரல் நடுங்கவில்லை. மேசையையும் வாளியையும் பார்த்துவிட்டு, காவலர் இவருடைய பெயரை எழுதத் தொடங்கினார். இது வழக்கா என்று நான் கேட்டேன். இப்போதைக்குச் சாட்சி என்றார். இப்போதைக்கு என்றால் என்ன என்று கேட்டதற்கு அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். டொத்தோரே மருந்துக்கடைக்காரரிடம், "பார்த்தியா, இவங்கள் இப்பிடித்தான்" என்றது எனக்கு நன்றாகக் கேட்டது. எனக்கும் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னார்.

நாங்கள் திரும்ப அந்த வீட்டுப் படி ஏறவில்லை. காரில் வீட்டுக்குத் திரும்பினோம். பின் இருக்கையில் இரத்தம் காய்ந்து கிடந்தது. வீட்டுக்கு வந்து முழுகிவிட்டு, சாப்பிடாமல் போய் அக்காவுக்கு டெலிபோன் எடுத்தார். அக்கா அப்போதுதான் மெசினில் இருந்து வந்திருந்தா, குரல் சோர்ந்துபோய் இருந்தது. ஆனாலும் எடுத்தவுடனே கேட்டா.

"என்ன தம்பி, அந்தப் பெரிய ஆள் கதைச்சவரோ?"

"இல்லை அக்கா" என்றார். "எனக்கு இஞ்சை ஒருத்தரையும் தெரியாது."